புதைத்த எஞ்சின்

சீதேவிப்பிள்ளைக்குக் கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும், கை ஓடத் தொடங்கும். அந்தச் சித்திரை மாதம் அவளுடைய கை ஓயவே இல்லை.

சண்டை முடிந்து அடுத்த வருசம். வாகரைப் பக்கம் தார் ரோட்டு வந்த கையோடு உழவு மெஷின் விற்கும் கம்பனிக்காரரும் வந்து சேர்ந்தார்கள். அறுவடை முடிந்த வயல்வட்டைக்குள் பாரம் இழுக்கும் போட்டி என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். லேண்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு மெஷினின் பின்னால் மரச்சட்டம் ஒன்றைக் கட்டி, மணல் மூட்டைகளை அடுக்கி இழுக்க வேண்டும். வேகம் முக்கியமில்லை. ஆகக் கூடிய தூரம் இழுப்பவருக்குப் புது டீசல் எஞ்சின்.

அவளிடம் லேண்ட்மாஸ்டர் இருந்தது, எஞ்சின்தான் இல்லை. அவளுடைய புருசன் வினாயகமூர்த்தியைச் சுனாமியில் கடல் கொண்டுபோன பிறகு நிவாரணமாகக் கிடைத்த மெஷின் அது. தானே பிடித்து உழுது வயிறு வளர்த்தாள். ஷெல் விழத் தொடங்கி ஊரே கிளம்பியபோது, எஞ்சினைக் கழற்றி, கிறீஸ் பூசி, தறப்பாளில் சுற்றி, வீட்டு வளவுக்குள் புதைத்துவிட்டுப் போனாள். ஒரு பக்கம் அவள் பிடித்தாள், மறுபக்கம் புருசனின் தம்பி உதயரூபன் பிடித்தான்.

வடக்கில் சண்டை ஓயுமுன்பே ஊர் திரும்பினார்கள். வந்து பார்த்தால் வெறும் குழி. உதயரூபன் அவளைவிடப் பலமாகத் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஆமி தோண்டியிரிக்கும் மச்சி" என்றான்.

ராணுவம்தான் என்று நம்பினாள். அந்தக் காலத்தில் எது காணாமல் போனாலும் பதில் ஆயத்தமாக இருந்தது. கடல் கொண்டுபோனது, இல்லாவிட்டால் சண்டை கொண்டுபோனது. சொந்தக்காரன் கொண்டுபோனான் என்று யாரும் சொன்னதில்லை. கள்ளருக்கு அதைவிட நல்ல காலம் வாய்த்ததே இல்லை.

மூன்று வருசமாகக் கூலிக்கு உழுவித்து அவளுக்கு அலுத்துவிட்டது. அந்தப் புது எஞ்சின் அவளுக்கு வேண்டும். ஓட்டமாவடியில் பழைய எஞ்சின் திருத்தும் மஜீட் காக்காவிடம் போனாள்.

"தண்ணிப் பம்புட பெற்றோல் எஞ்சின் ஒண்டுதான் என்னட்டக் கிடக்கு காக்கா. இழுக்குமா?"

"கத்தும், இழுக்காது" என்றார் மஜீட். "டீசல் மெதுவாச் சுத்தி அமத்தி இழுக்கும். இது சும்மா பறக்கும். பாரம் வந்தா நிண்டிரும்."

"அந்தப் பறக்கிறத மெதுவாக்கினா?"

மஜீட் தாடியைத் தடவினார். "எஞ்சினுக்குச் சின்னக் கப்பி, கியர் பெட்டிக்குப் பெரிய கப்பி. நடுவில இன்னொரு சோடி. ஆமை மாதிரித்தான் போகும் தங்கச்சி. ஆனா போகும்."

"எனக்கென்ன அவசரம்" என்றாள் அவள்.

கப்பிகளைப் பூட்டி இழுத்துப் பார்த்தபோது பெல்ட் வழுக்கியது. இறுக்கினாள். மெஷினின் மூக்கு மேலே தூக்கியது. கடல் உடைத்துப் போட்ட அம்மிக்கல்லின் பாதி கிடந்தது, அதை முன்னால் கட்டினாள். ரப்பர் சில்லைக் கழற்றிவிட்டு இரும்புச் சில்லைப் போட்டாள்.

போட்டியன்று அவளைப் பார்த்துச் சிரிக்காத ஆம்பிளை இல்லை. "கிணத்துக்குப் போற எஞ்சின் வழிமாறி வந்திட்டு" என்றான் ஒருவன். அவள் எஞ்சினைக் கிளப்பினாள். அவளுடைய மெஷின் கத்திக்கொண்டு ஊர்ந்தது. சிரித்தவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தார்கள், அது இன்னும் ஊர்ந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் நின்ற இடங்களையெல்லாம் தாண்டிப் போய்த்தான் பெல்ட் கருகி நின்றது.

மிச்சம் இருந்தது உதயரூபன் மட்டும். வாழைச்சேனையில் வாங்கியது என்று சொல்லி, பச்சை பெயிண்ட் அடித்த டீசல் எஞ்சின் ஒன்றைப் பூட்டியிருந்தான். அவன் கைபிடியைச் சுழற்றியதும் அது இருமிக்கொண்டு கிளம்பியது, சீதேவிப்பிள்ளை திரும்பிப் பார்த்தாள். இரண்டு வருசம் கூட இருந்தவளுக்கு அதன் இருமல் தெரியாதா? கிட்டப் போய்க் குனிந்து பார்த்தாள். டாங்கியில் டீசலை நிறுத்தும் திருகு முதல் போகத்திலேயே இறுகிப்போனதால், கீழே டீசல் பம்புக்குப் பக்கத்தில் மஜீடைக்கொண்டு இன்னொரு சின்னத் திருகு பூட்டியிருந்தாள். அது அங்கேயே இருந்தது, பச்சை பெயிண்டுக்குள்.

அவள் வாய் திறப்பதற்குள் அவன் புறப்பட்டுவிட்டான். கூடுதலாக இழுக்கட்டும் என்று வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவனரைக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தான், பேராசைக்காரன். பாதி வழியில் பெல்ட் அறுந்தது. பாரம் விட்டுப்போன எஞ்சின் வெறிபிடித்து அலறியது. கரும்புகை கிளம்பியது, மெஷின் துள்ளியது. உதயரூபன் டாங்கித் திருகோடு மல்லுக்கட்டினான். அது அசையவில்லை. விட்டுவிட்டு ஓடினான், சனமும் ஓடியது.

அவள் சும்மா நின்றிருந்தால் போதும், புது எஞ்சின் அவளுக்கு. அடுத்தவரின் மெஷினில் கை வைப்பவர் போட்டியில் இல்லை என்று காலையிலேயே சொல்லியிருந்தார்கள். வெடித்துச் சிதறட்டும், நாசமாய்ப் போகட்டும் என்றுதான் முதலில் நினைத்தாள். சிதறப்போவது தன்னுடையது என்பது அடுத்த மூச்சில் உறைத்தது.

சேலையைச் செருகிக்கொண்டு புகைக்குள் போனாள். கண்ணால் தேடவில்லை, கை நேராகப் போய்ச் சின்னத் திருகை மூடியது. எஞ்சின் இருமி, குலுங்கி, நின்றது.

கம்பனிக்காரர் ஓடி வந்தார். "அக்கா, நீங்க கை வச்சிட்டீங்க. இனிப் போட்டியில இல்ல."

"வேணாம். எனக்கு எஞ்சின் இரிக்கி" என்றாள்.

உதயரூபன் வேர்த்து வழிந்தபடி வந்தான். "நான் ஆரிட்டயோ வாங்கினது மச்சி. ஆமிக்காரன் வித்திருப்பான்."

"குழி எங்க எண்டு ஆமிக்குத் தெரியாது. கடலுக்கும் தெரியாது. எனக்கும் உனக்கும்தான் தெரியும்."

அவன் குனிந்துகொண்டு, "ஆக்கள் பாக்கிறாங்க மச்சி, வீட்ட போய்க் கதைப்பம்" என்றான்.

"பாக்கட்டும். அண்டைக்குக் குழியடியில நீ அழக்குள்ள ஆக்கள் பாக்கல்லையா?"

போட்டி பார்க்க வந்திருந்த மஜீடிடம் ஸ்பானர் கேட்டாள். சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் முன்னால் நட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். சூட்டில் விரல் பொரிந்தது, நிறுத்தவில்லை. கடைசி நட்டு விழுந்ததும் நிமிர்ந்து உதயரூபனைப் பார்த்தாள்.

"மற்றப் பக்கத்தப் புடி" என்றாள். "புதைக்கக்குள்ள நீதானே புடிச்சாய்."

அவன் பிடித்தான்.