தென்காற்று நாளின் கிடாரி

பிப்ரவரி மாதத்தில் பனி உருகிச் சொட்டுகிறது என்றால் அது நல்லதுக்கில்லை என்று வெர்னாவுக்குத் தெரியும். தென்காற்று பசுவின் மூச்சுபோல வெதுவெதுப்பாக முகத்தில் பட்டது. மொன்டானாவின் அந்த மேய்ச்சல் வெளி முழுக்கத் தூக்கத்தில் சிரிப்பதுபோல் மினுங்கியது. வடமேற்கு அடிவானத்தில் மட்டும் ஒரு கருநீலக் கோடு.

காலையிலிருந்து ரேடியோ அதையேதான் சொன்னது. இருட்டுவதற்குள் காற்று திரும்பும், கடுங்குளிர் இறங்கும், கிளம்புகிற பனித்தூளில் பாதை தெரியாது, வெளியே போகாதீர்கள்.

மாடுகளை எல்லாம் மரத்தடுப்புக்குப் பின்னால் ஓட்டியாகிவிட்டது. தலையீத்துக் கிடாரி ஒன்றைத்தான் காணவில்லை. இன்றோ நாளையோ ஈனும். நனைந்த கன்று அந்தக் குளிரில் வெளியே கிடந்தால் பிழைக்காது.

கைபேசியில் ஆர்டெல் கூப்பிட்டான். அவள் புருஷன், கால் முறிந்து வீட்டு ஜன்னலோரம் கிடந்தான்.

"கெடச்சுதா?"

"கெடச்சா உன்கூட ஏன் பேசிக்கிட்டு நிக்கிறேன்."

"புல்லுப் போருக்குப் பின்னால பாத்தியா? ஓடைக்கரையில?"

"எல்லாம் பாத்தாச்சு. சொன்ன எடத்துல இருக்காது, உன்ன மாதிரியே."

"நான்தான் நாற்காலிய விட்டு நகரலியே."

"டாக்டர் கட்டிப்போட்டாரு, அதனால."

பேசிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு உறைத்தது. பார்த்ததெல்லாம் தெற்குப் பக்கம். குளிர்காலம் என்றால் வாடைக்கு முதுகைக் காட்டி ஒதுங்குவது என்று ஊறிப்போன புத்தி. கிடாரிக்கு நாளைய காற்று என்ன தெரியும்? இன்றைக்கு அடிப்பது தென்காற்று. அதற்கு ஒதுங்கினால் வடக்குப் பக்கம்தான் நிற்கும்.

பிக்கப் வண்டியைத் திருப்பினாள்.

புல்லுருளைப் போரின் வடக்குப் பக்கத்தில் கிடாரி நின்றது. காலடியில் கன்று, ஆவி பறக்க. அப்போது காற்று நின்றது. சொட்டுச் சத்தமும் நின்றது. உலகம் மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல ஒரு கணம். பிறகு வடமேற்கிலிருந்த அந்த நீலம் மொத்தமாகக் குளிர்காற்றாய் மேலே வந்து விழுந்தது.

கன்றின் ஈர மயிர் கண்முன்னே விறைத்தது. ஜாக்கெட்டைக் கழற்றித் துடைத்து, தூக்கி வண்டிக்குள் ஹீட்டரடியில் போட்டு, வண்டியை நகர்த்தினாள். கண்ணாடியில் பார்த்தால் கிடாரி வரவில்லை. கன்று விழுந்த ஈரத்தரையை முகர்ந்துகொண்டு அங்கேயே நின்றது. அதன் நினைப்பில் கன்று இன்னும் அங்கேதான் இருக்கிறது.

"மூதேவி," என்றாள் வெர்னா, பாசமாகத்தான். இறங்கி, கன்றைத் துடைத்த ஈரம் ஊறிய ஜாக்கெட்டை வைக்கோல் கட்டும் கயிற்றால் வண்டியின் பின்கதவில் கட்டித் தரையில் இழுபடவிட்டாள். அதை முகர்ந்ததும் கிடாரி அடியெடுத்து வைத்தது.

அப்புறம் எல்லாம் வெள்ளை. வானமும் தரையும் ஒன்றாகி, பாலுக்குள் மிதப்பதுபோல இருந்தது. வண்டி போகிறதா, அடியில் பூமி நழுவுகிறதா என்றே தெரியவில்லை. வேலிக்கம்பம் ஒவ்வொன்றாகக் கனவில் வருகிறவர்கள்போல் எதிரே வந்து, ஒன்றும் சொல்லாமல் பின்னால் போனது. கண்ணாடியில் ஒரு கறுத்த மூக்கு மட்டும் வந்துகொண்டிருந்தது, உடம்பே இல்லாமல். சட்டையோடு இருந்த அவள் கைகள் ஸ்டியரிங்கில் யாருடையவோ போலிருந்தன. கன்று அவள் பூட்ஸ்மேல் தாடையை வைத்துக்கொண்டது.

கன்றைக் கொட்டகையில் இறக்கிக் கதவை இழுத்துச் சாத்தியபோது ஜாக்கெட் பலகையாக உறைந்திருந்தது. கிடாரி அதைத்தான் நக்கியது. கன்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கைபேசியில் சொன்னாள். ஆர்டெல் சிரித்தான். "ஜாக்கெட்டப் பெத்ததா நெனச்சிருச்சா? உனக்கு இனிமே அது கெடைக்காது."

"வாய மூடு. விரல் மரத்துக் கெடக்கு."

விறைத்த ஜாக்கெட்டை இழுத்துவந்து கன்றின்மேல் போர்த்தினாள். கிடாரியின் நாக்கு அதோடே வந்தது. காலரை நக்கியது, ஜாக்கெட்டின் கையை நக்கியது, ஓரம் தாண்டிக் கன்றின் கழுத்தில் இறங்கியது. அங்கே நின்றது. மறுபடி நக்கியது. அடித்தொண்டையில், கன்றை அழைக்கும் ஒரு கனைப்பு கிளம்பியது.

வெர்னா மெதுவாக ஜாக்கெட்டை உருவினாள்.

"என்ன ஆச்சு?" என்றான் ஆர்டெல்.

"கன்னுக்குக் குளிர்ல காது நுனி ரெண்டும் விழுந்துரும். மத்தது எல்லாம் இருக்கு."