குலசிங்கம் மாமாவின் முதல் பிட்காயின் சேலை

பென்ரோஸ் கிடங்கில் பார்த்த வேலையை உதறிவிட்டு நான் தனியாகத் தொடங்கிய மென்பொருள் தொழிலுக்கு முதல் வாடிக்கையாளர் யோகராணி அக்கா. ஹென்டர்சனில் சேலைக்கடை வைத்திருக்கிறார். அவருடைய இணையக் கடை பிட்காயினிலும் பணம் வாங்கும்படி ஒரு மென்பொருளைப் பொருத்திக் கொடுக்க வேண்டும். இன்று அது ஓடினால் நான் பிழைத்தேன். ஓடாவிட்டால் திங்கட்கிழமை கிடங்கு மேற்பார்வையாளரிடம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

சோதனைக்கென்றே தரும் மதிப்பில்லாத காசுகளை வைத்துக் காலையில் சேலை சேலையாக வாங்கித் தள்ளினேன். ஒவ்வொன்றுக்கும் திரையில் பச்சை விழுந்தது. மகிழ்ச்சியில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இனி உண்மைக் காசில் ஒருமுறை பார்த்தால் போதும், நானே அனுப்புகிறேன் என்றேன்.

அக்கா விடவில்லை. முதல் வியாபாரம் கைராசிக்காரர் கையால்தான் நடக்க வேண்டுமாம். குலசிங்கம் மாமாவைக் கூப்பிட்டார். ஒருவரும் சீண்டாத காலத்திலேயே பிட்காயின் வாங்கிப் போட்ட மனிதர். கைராசிக்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

மாமா கைபேசியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நூறு டொலர் சேலைக்குப் பணம் அனுப்பினார். தேநீர் குடித்துக் காத்திருந்தோம். பச்சை வரவில்லை. மஞ்சள் வந்தது. பணத்தைச் சரிபார்க்கவும் என்றது திரை. என் மனம் அப்போதே பென்ரோஸுக்குப் போய்விட்டது. எவ்வளவு அனுப்பினீர்கள் என்று மெல்லக் கேட்டேன்.

"நூற்றியொண்டு, பிள்ளை. முதல் வியாபாரமெல்லோ, சைபரில முடியப்படாது."

அட கடவுளே! குறைத்துக் கொடுப்பவரையும் கூட்டிக் கொடுப்பவரையும் ஒரே மாதிரி சந்தேகப்படும் மென்பொருள் அது. நம் ஆட்களைப் பற்றி அதற்கு யார் சொல்லியிருப்பார்கள்? சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூட வந்தால் வாங்கிக்கொள் என்று அமைப்பை மாற்றினேன். பச்சை விழுந்தது. மாமா சேலைப் பையோடு ராசா மாதிரி நடந்து போனார்.

அக்கா என் கூலியையும் பிட்காயினிலேயே அனுப்பினார். என் இணையப் பக்கத்திலும் அதே மென்பொருள்தான். அங்கே அமைப்பை மாற்றவில்லை. மறுபடி மஞ்சள். பார்த்தால், பேசியதைவிட ஒரு டொலர் கூட. ஏனக்கா என்றேன்.

"உனக்கும் இதுதானே முதல் வியாபாரம்."

கடை நடுவில் நின்று சிரித்தேன், கண்ணீரும் வந்தது. அந்த மஞ்சளை மட்டும் நான் பச்சையாக்கவேயில்லை.