பந்திக்குப் போட்ட கட்டு

குருத்வாராவில் திருமணம் முடிந்து எல்லாரும் பந்தலுக்குத் திரும்பும்வரை நசீப் கௌர் வாய் திறக்கவில்லை. பல்பீருக்கு அப்படித்தான் வாக்குக் கொடுத்திருந்தாள். மணப்பெண்ணின் அம்மா பல்பீர், நசீபுக்கு அடுத்த வீட்டுக்காரி.

"மாப்பிள்ளையோட தாய்மாமன் அந்த ஜக்தார்னு நிச்சயம் முடிஞ்சப்புறந்தான் தெரிஞ்சுது அக்கா," என்று பல்பீர் போன வாரமே வந்து அழுதிருந்தாள். "உன்னை வராதேன்னு சொல்ல எனக்கு நாக்கு எழும்பல."

"சொல்லாத. நான் வருவேன். உன் பொண்ணு குரு கிரந்தத்தைச் சுத்தி வந்து முடிக்கட்டும். அதுவரைக்கும் நான் ஊமை."

நசீபுக்கு ஒரே மகன், நிர்பை. ஜக்தாரின் அண்ணன் மகள் சிம்ரத்தை விரும்பினான். இருவரையும் கால்வாய் மதகிலிருந்து பிணமாகத்தான் எடுத்தார்கள். தவறி விழுந்துவிட்டார்கள் என்றான் ஜக்தார். அவன் ஊரே அதைத் திருப்பிச் சொன்னது. வழக்கை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு நசீப் இந்த உலகத்தில் கேட்டது ஒன்றுதான்: அந்த வீட்டு வாய் ஒன்று, நாலு பேர் நடுவில், நடந்ததைச் சொல்ல வேண்டும்.

பந்தலில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. பஞ்சாபில் பிறந்த எவருக்கும் தெரிந்த அந்தப் பழைய காதல் கதைதான் பாட்டு. கதையில் பெண்ணுக்கு விஷம் வைப்பவன் அவளுடைய சொந்தச் சித்தப்பன். இந்தப் புதுப் பாட்டில் விஷமும் இல்லை, சித்தப்பனும் இல்லை. காதலர்கள் கனடாவுக்கு விமானம் ஏறிவிடுகிறார்கள். அதற்கு ஜக்தார் இரண்டு கைகளையும் தூக்கி ஆடிக்கொண்டிருந்தான். நன்றாகவே ஆடினான்.

"இடுப்பு எப்படி வளையுது பாரு," என்றாள் பக்கத்தில் இருந்தவள். நசீப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

பாட்டை நிறுத்திவிட்டு மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் உட்கார்ந்தார்கள். பெண் வீட்டுப் பெண்கள் எதிரே கூடிக் கேலி பாட ஆரம்பித்தார்கள்.

"மீசையைப் பாருங்கடி மீசையை, எருமை வாலை இரவல் வாங்கி ஒட்டிக்கிட்டு வந்ததை!"

கேலிக்குக் கோபப்படுகிறவனுக்குத்தான் அசிங்கம். அதனால் எல்லாரும் சிரித்தார்கள், ஜக்தாரும் சிரித்தான். பிறகு பந்தியைக் கட்டும் நேரம் வந்தது. பெண் வீட்டுக்காரி ஒருத்தி பாட்டால் சாப்பாட்டைக் கட்டிவிட்டால், மாப்பிள்ளை பக்கத்தில் ஒருவர் பதில் பாடி அவிழ்க்கும்வரை யாரும் வாயில் வைக்கக்கூடாது. ஜிலேபியைக் கட்டினேன், லட்டைக் கட்டினேன் என்று விளையாட்டாகத்தான் கட்டுவார்கள்.

நசீப் எழுந்தாள். பல்பீர் அவள் துப்பட்டாவைப் பிடித்தாள். "அக்கா, காலைப் பிடிக்கிறேன், வேண்டாம்."

"என் வாக்கு காலையிலேயே முடிஞ்சுது பல்பீர்."

நசீப் பாடினாள்.

"ரொட்டியைக் கட்டினேன், பருப்பைக் கட்டினேன்,
எடுத்த கவளத்தைக் கையோட கட்டினேன்.
நிர்பை பேரால கட்டினேன், சிம்ரத் பேரால கட்டினேன்.
கால்வாய்க்குக் கூட்டிப்போன கை யார் கைன்னு
சொல்லத் தெரிஞ்சவங்க அவிழ்க்கட்டும்."

எடுத்த கவளத்தை எல்லாரும் தட்டில் திரும்ப வைத்தார்கள்.

"விளையாட்டுக்கும் ஒரு அளவு வேணாமா சம்பந்தி?" என்று ஜக்தார் சிரிக்கப் பார்த்தான். "ஆறிப்போகுது, சாப்பிடுங்கப்பா." ரொட்டியைப் பிய்த்தான். பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையின் அப்பா வழித் தாத்தா அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கீழ வை. கட்டு விழுந்திருக்கு."

"பைத்தியக்காரி பேச்சு, பெரியவரே."

"அப்ப ஒரு வரி பாடி அவிழ்த்துட்டுச் சாப்பிடு."

"தவறி விழுந்தாங்கன்னு ஊருக்கே தெரியும்."

"அதைப் பாட்டா பாடு தாய்மாமனே," என்றாள் நசீப். "டோலக்கு வேணும்னா தட்டச் சொல்றேன். இப்பதான அருமையா ஆடின."

அவன் உதடு அசைந்தது. பாட்டு வரவில்லை.

மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வரிசையில் ஒருத்தி எழுந்தாள். சிம்ரத்தின் அம்மா தேஜ் கௌர். மகள் போனதிலிருந்து அவள் பேசிக் கேட்டவர்கள் குறைவு.

"அண்ணி, உக்காருங்க," என்றான் ஜக்தார்.

"உக்காந்துதான இருந்தேன். நீ அவ கையைப் பிடிச்சு வாசலைத் தாண்டி இழுத்துட்டுப் போனப்பவும் உக்காந்துதான் இருந்தேன்."

அவளுக்கு ராகம் வரவில்லை. ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

"ரொட்டியை அவிழ்த்தேன், பருப்பை அவிழ்த்தேன்.
பெத்தவ நான், சிம்ரத் பேரால அவிழ்த்தேன்,
நிர்பை பேரால அவிழ்த்தேன்.
கூட்டிப்போன கை ஜக்தார் கை."

பெரியவர் ஜக்தாரின் மணிக்கட்டை விட்டார். தொட்ட கையைத் தன் துண்டில் துடைத்துக்கொண்டார். ஜக்தார் எழுந்தான். வழிவிட ஒருவரும் நகரவில்லை. பரிமாறியிருந்த தட்டுகளைத் தாண்டித்தான் அவன் வெளியே போக வேண்டியிருந்தது.

கட்டு அவிழ்ந்தும் யாரும் சாப்பிடவில்லை. நசீப் எதிர் வரிசைக்குப் போய்த் தேஜ் கௌருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தட்டிலிருந்த ரொட்டியை இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை நீட்டினாள்.

"சாப்பிடு. சாயங்காலம் போலீஸ் ஸ்டேஷன்லயும் இதைச் சொல்லணும்."

"பாடணுமா?"

"சும்மா சொன்னாலே போதும்," என்றாள் நசீப்.