உள்பக்கமிருந்து பார்த்த இதயம்

பள்ளிக்கூடத்துக்குச் சண்டை போடப் போவதற்காகவே பெயிண்டர் இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மாட்டினார். மகளின் உயிரியல் விடைத்தாள் நான்காக மடிந்து அவருடைய பைக்குள் கிடந்தது. ஐம்பதுக்குப் பதினொன்று. அதைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பார். இதயத்தின் படத்துக்கு முட்டை போட்டிருந்தார்கள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"நம்ம வீட்டுப் பொண்ணு வரைஞ்ச படத்துக்கு முட்டையா!"

"போர்டுல ஒரு புள்ளி கோணல்னு யாராச்சும் சொன்னாலே ரெண்டு நாள் சாப்பிட மாட்டீங்க. டீச்சர்கிட்ட மரியாதையாப் பேசுங்க," என்றாள் மனைவி.

"நான் எப்பவும் மரியாதையாத்தான் பேசுவேன். கேக்கறவங்க அதுக்குத் தகுந்தவங்களா இருக்கணும், அவ்வளவுதான்."

அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. கடைத்தெருவில் பாதிக் கடைகளின் பெயர்ப் பலகை அந்த வீட்டார் கையால் எழுதியது. சுவர், தகரம், மரம் எதுவானாலும் கோடு பிசகாது. கண்ணாடி என்றால் கேட்கவே வேண்டாம். மழையும் கையும் படாமல் இருக்க, கடைக்குள் நின்று கண்ணாடியின் உள்பக்கத்தில்தான் எழுதுவார்கள். தெருவில் நிற்பவருக்கு நேராகத் தெரிய வேண்டுமே, அதற்காக எல்லாவற்றையும் இடவலம் மாற்றி எழுத வேண்டும். அந்த வீட்டில் பிறந்தவர்களுக்குத் திருப்பிப் போட்ட எழுத்து செய்தித்தாள் மாதிரி. மகள் பேசப் பழகிய வயதிலேயே அதைப் படிக்கப் பழகிவிட்டாள்.

அந்த மகள் பரீட்சைக்கு என்று தங்கள் கடையின் முன் கண்ணாடியிலேயே ஓர் இதயம் வரைந்திருந்தாள். சிவப்பும் நீலமுமாக, பெருந்தமனியின் வளைவு ஒரே இழுப்பில். பாகங்களின் பெயர்கள்கூட அச்சுக் கோத்த மாதிரி. பெயிண்டர் நாள் முழுக்க அதன் எதிரே உட்கார்ந்துதான் வேலை செய்தார். வந்தவர் போனவர் எல்லாரிடமும், "பொண்ணு வரைஞ்சது. கால்நடை டாக்டர் ஆகப் போறா," என்று சொல்லிவைத்தார். அவள் ஆசைப்பட்டது உண்மை. ஊருக்கெல்லாம் சொல்லச் சொன்னது மட்டும் அவள் இல்லை.

மகளோடு அவர் போனபோது டீச்சர் ஆய்வகத்தில் இருந்தார். வயது குறைவு, குரல் மென்மை. பெயிண்டர் உட்காரவில்லை.

"இந்தப் படத்துல என்ன தப்புன்னு தெரிஞ்சுக்கலாமா? இதே படம் எங்க கடைக் கண்ணாடியில இருக்கு. ஊரே பாக்குது."

"நானும் தினம் பஸ்ல போகும்போது பாக்கறேன் சார். ரொம்ப நல்லா இருக்கு. அதுல ஒரு தப்பும் இல்ல."

பெயிண்டர் இப்படி ஒரு பதிலுக்குத் தயாராக வரவில்லை. "அப்போ இது?"

டீச்சர் விடைத்தாளை விரித்து, பக்கத்திலேயே பாடப்புத்தகத்தையும் திறந்து வைத்தார். புத்தகத்தில் இடது வெண்ட்ரிக்கிள் பார்ப்பவரின் வலக்கைப் பக்கம் இருந்தது. விடைத்தாளில் இடக்கைப் பக்கம். பெருந்தமனி உட்பட எல்லாமே மாறிக் கிடந்தன.

"புத்தகத்துலதான் மாத்திப் போட்டிருக்கு," என்றார் பெயிண்டர். "இடதுன்னு எழுதிட்டு வலது பக்கம் வரைஞ்சிருக்காங்களே!"

மகள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவள் முகம் வெளிறிப்போயிருந்தது. "அப்பா. கண்ணாடிப் படத்தை நம்ம ரெண்டு பேரும் உள்ள உட்கார்ந்துல்ல பாக்குறோம்."

தெரு முழுக்கச் சரியான இதயத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, வரைந்தவளும் பெற்றவரும் மட்டும் அதன் முதுகுப்புறத்தை நெட்டுருப் போட்டிருந்தார்கள்.

டீச்சர் சிரிக்கவில்லை. அந்த நாகரிகத்துக்காகவே பெயிண்டர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"படம்கூடப் பரவாயில்ல. மத்த கேள்வி எல்லாம் காலியா இருக்கே, எப்படிம்மா படிச்சே?" என்று மகளிடம் கேட்டார் டீச்சர்.

"எல்லாப் பாடத்துக்கும் படம் வரைஞ்சு கலர் அடிச்சேன் மிஸ். முக்கியமான வரியெல்லாம் மூணு கலர்ல அழகா எழுதினேன்."

"எழுதினதை மூடி வெச்சுட்டு, ஒரு தடவையாவது சொல்லிப் பாத்தியா?"

மகள் தரையைப் பார்த்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மறுதேர்வு என்றார் டீச்சர். அதிலும் தேறாவிட்டால் உயிரியல் பிரிவில் இருக்க முடியாது, வேறு பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். "அழகா எழுதறதை ஒரு வாரம் நிறுத்திவை. புத்தகத்தை மூடிட்டு, விஷயம் ஒண்ணுமே தெரியாத ஒருத்தருக்குச் சொல்லிக்கொடு. எங்க திணறுறியோ அதை மட்டும் திறந்து பாரு. மறுநாள் முதல்ல நேத்துப் பாடத்தைச் சொல்லிட்டு அப்புறம் புதுசுக்குப் போ."

வீடு திரும்பும் வழியில் மகள் யோசித்துக்கொண்டே வந்தாள். "விஷயம் ஒண்ணுமே தெரியாத ஆளுன்னா... அப்பா, நீங்க சாயங்காலம் கடையிலதானே இருப்பீங்க?"

பெயிண்டருக்குச் சுருக்கென்றது. ஆனால் ஊர் பூராவும் டாக்டர் என்று தண்டோரா போட்டவர் அவர்தானே. தலையை ஆட்டிவைத்தார்.

அன்று மாலையே வகுப்பு தொடங்கியது. மகள் ஒரு வெறுங்கண்ணாடித் துண்டைச் சுவரில் சாய்த்து, மெழுகுப் பென்சிலால் கிறுக்க ஆரம்பித்தாள். பெயிண்டர் மருந்துக்கடைக்கான பலகைக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தார். கோடுகள் கோழி கிளறின மாதிரி இருந்ததைப் பார்த்து அவருடைய கை துறுதுறுத்தது.

"கோடு நேரா வரட்டுமே..."

"நீங்க கேக்க மட்டும் செய்யுங்கப்பா. கெட்ட ரத்தம் வலது பக்கம் வருது. அங்கேருந்து நுரையீரலுக்குப் போகுது. சுத்தமாகி மறுபடி இதயத்துக்கு வருது. அப்புறம் உடம்புக்குப் போகுது."

"ஏன், நுரையீரல்லேருந்து நேரா உடம்புக்குப் போனா என்னவாம்? வீட்டுக்குப் போற வழியில மறுபடி எதுக்குக் கடைக்கு வரணும்?"

'தெரியாது' என்று சொல்லிக் கேட்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. எதிராளி சொல்வது தப்பு என்பதுபோல்தான் கேட்பார். மகள் திணறிப் புத்தகத்தைப் புரட்டினாள்.

"நுரையீரலுக்குள்ள மெல்லிசான குழாய்ல போறதால வேகம் போயிடுதுப்பா. திரும்ப ஒரு தள்ளு தள்ளினாத்தான் கால் விரல் வரைக்கும் போகும். அதான் இடது பக்கச் சுவர் தடியா இருக்கு!" கடைசி வரியைச் சொல்லும்போது அவள் புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. தடித்த சுவரை எத்தனையோ முறை வரைந்தவள், அது ஏன் தடித்தது என்று அன்றுதான் யோசித்தாள்.

"ம்," என்றார் பெயிண்டர். அந்த வீட்டில் அதற்குமேல் பாராட்டு கிடையாது.

அப்படியே நாட்கள் ஓடின. நேற்றையது முதலில், புதியது பிறகு. சிறுநீரகத்தில் ஒரு நாள் மாட்டிக்கொண்டாள். இலையின் துளைகளைப் பற்றிச் சொன்ன அன்று பெயிண்டர் சண்டைக்கே வந்துவிட்டார். "தண்ணி போயிடும்னு தெரிஞ்சும் ஏன் திறந்து வைக்குது? கடைய மூட மறந்தவனா அது?" அதற்கும் பதில் தேடினாள். காற்று உள்ளே வராவிட்டால் உணவு தயாரிக்க முடியாதாம். கடைக்குப் பின்னாலேயே இருந்த வீட்டிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்: "தெரியலைன்னு ஒரு வார்த்தை சொன்னா கிரீடம் இறங்கிடுமா உங்களுக்கு?"

வியாழக்கிழமை பலகையை வாங்க மருந்துக்கடைக்காரர் வந்தார். பெயிண்டர் சும்மா இருப்பாரா? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "தெரியுமா, தமனின்னாலே நல்ல ரத்தம்தான்," என்று ஆரம்பித்தார்.

"இல்லப்பா," என்றாள் மகள் வேலையிலிருந்து தலை தூக்காமல். "நுரையீரல் தமனியில கெட்ட ரத்தம்தான் போகும். இதயத்திலேருந்து வெளிய போனா அது தமனி, உள்ள வந்தா சிரை. நல்லது கெட்டதுக்கும் பேருக்கும் சம்பந்தம் இல்ல."

வாடிக்கையாளர் எதிரில், சொந்தக் கடையில், பெற்ற மகள்! மருந்துக்கடைக்காரர் மீசைக்குள் சிரித்தார். பெயிண்டர் தூரிகையை டர்பன்டைனில் நீண்ட நேரம் அலசினார்.

"பாப்பா சொல்றது சரிதான்," என்றார் கடைசியில். உள்ளே மனைவி கையிலிருந்த கரண்டி கீழே விழும் சத்தம் கேட்டது.

வெள்ளிக்கிழமை மகள் தேர்வு எழுதினாள். அவள் தேறுவாளா என்பதைவிட, தெருவில் யாராவது கேட்டால் என்ன சொல்வது என்பதுதான் தன் கவலை என்று பெயிண்டர் தன்னிடமே சாதித்துக்கொண்டிருந்தார். ஆனால் திங்கட்கிழமை மாலை அவர் ஒரே எழுத்தை மூன்று முறை அழித்து எழுதினார்.

மகள் ஓடி வந்து விடைத்தாளை நீட்டினாள். நாற்பத்தொன்று. இதயத்துக்கு முழு மதிப்பெண். மேலே சிவப்பு மையில் டீச்சர் ஒரு வரி எழுதியிருந்தார்: 'விடைகள் அருமை. கையெழுத்தைக் கவனிக்கவும்.'

பெயிண்டரின் முகம் சிவந்தது. "கையெழுத்தா! நம்ம வீட்டுக் கையெழுத்தையா!" என்று இஸ்திரி போட்ட சட்டை இருந்த திசையில் ஓர் எட்டு வைத்தவர் நின்றார். "இருக்கட்டும். படம் வரையும்போது பழைய பக்கம் கை போகலியா?"

"போச்சுப்பா. பென்சிலை வெச்சதுமே அந்தப் பக்கம்தான் இழுத்துச்சு. அப்புறம் எதிர்ல நீங்க உட்கார்ந்திருக்கற மாதிரி நெனச்சுக்கிட்டேன். 'எதுக்கு, ஏன்'னு கேட்டுக்கிட்டு. உங்க இடது பக்கம் எனக்கு வலதுல வந்துச்சு. அப்படியே வரைஞ்சுட்டேன்."

பெயிண்டர் கடையை விட்டு இறங்கித் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்றார். இத்தனை நாளில் அந்த இதயத்தை வெளியிலிருந்து அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கண்ணாடிக்குப் பின்னால் மகள் அவர் முக்காலியில் உட்கார்ந்து, அவர் மூன்று முறை அழித்த எழுத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இது கோணலா இருக்கே!" என்று அங்கிருந்தே கத்தினாள்.

"இருக்கட்டும்," என்றார் அவர், தெருவே கேட்கும்படி.