கைப்பிடிக்குக் கீழே

வந்த ஆத்திரத்தில் முனிசாமி முறிந்த வில்லைத் தூக்கிக் கொட்டகைக் கூரைமேல் எறிந்தான். இது இரண்டாவது. நாளைச் சாயங்காலம் திரௌபதியம்மன் கல்யாணம். கருங்குழி ஊரே கூடி நிற்க, அர்ச்சுனன் வேஷம் கட்டும் மச்சான் ஜெகதீசன் அந்த வில்லை வளைத்து நாணேற்ற வேண்டும். "வில்லு என் பொறுப்பு, மதுராந்தகத்துல போயி வாங்கத் தேவயில்ல" என்று கோயிலில் மார்தட்டியவன் முனிசாமிதான். சபையில் அது முறிந்தால் அம்மன் கல்யாணத்தைக் கெடுத்தவன் என்ற பேர் ஆயுசுக்கும் போகாது.

ஆளுயரத்துக்கு நல்ல மூங்கில் கிடைக்கவில்லை. அதனால் இரண்டு பட்டைகளின் முனையைச் சாய்வாகச் சீவி, நடுவில் ஒட்டி, சைக்கிள் டியூபைச் சுற்றிக் கைப்பிடியாக்கினான். முதலாவது முறிந்தபோது பசையைத் திட்டினான். அடுத்ததற்குப் பசையை மாற்றி, டியூபை இரட்டிப்பாகச் சுற்றினான். சனியன், அதுவும் போச்சு!

அவன் மனைவி வேண்டா அதை இழுத்துப் போட்டுப் பார்த்தாள்.

"ஒட்டு அப்டியே கீது. கைப்பிடிக்குக் கீழதான் ஒடிஞ்சிகீது, பட்டயோட நுனி அங்கதான் வருது, சன்னமா கீது. கீழ்த்துண்டத் திருப்பி வெச்சா இன்னா?"

"இன்னாது? அடியோட அடியா? தலகீழாவா?" என்று எகிறினான்.

பந்தல் போடுகிறவன் அவன். கழியோடு கழி சேர்த்தால் கீழ்க்கழியின் நுனிமேல் மேல்கழியின் அடிதான் வரும். கழியைத் தலைகீழாக நட்டால் வீடு விளங்காது. அவன் கை ஒருநாளும் வேறு மாதிரி செய்ததில்லை.

"நீ இன்னா பந்தலா போடற? இத மண்ணுலயா நடப்போற?"

அவள் கேட்டது நியாயந்தான். அதுவே பெரிய எரிச்சல். முணுமுணுத்துக்கொண்டே புதுப் பட்டைகளைச் சீவி, அடியோடு அடி சேர்த்து ஒட்டினான். பசை காய வேண்டுமே என்று வளைத்துக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் பம்பை முழங்க, கிரீடத்தோடு வந்த ஜெகதீசன் வில்லை இப்படியும் அப்படியும் திருப்பினான்.

"மாமா, இதுல எது மேல்பக்கம்?"

"எப்டி வேணா புடிடா!" முனிசாமி கத்தியே விட்டான். "ரெண்டு பக்கமும் மேல்பக்கந்தான்!"

ஜெகதீசன் அழுத்தினான். வில் இருபுறமும் ஒன்றுபோல வளைந்தது. நாண் ஏறியது. பெண்கள் குலவையிட்டார்கள். முனிசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் வேண்டா நின்ற பக்கம் மட்டும் அவன் திரும்பவே இல்லை.