சௌந்திரம் பெயரில் ஒன்பது கவிதைகள்

கல்லூரிப் பத்திரிகையில் வேலை பார்த்தால் பிழைக்க வழி கிடைக்குமா என்று யாராவது கேட்டால், தாராளமாகக் கிடைக்கும் என்றுதான் சொல்வேன். நாமக்கல்லில் நாங்கள் படித்த காலத்தில் 'கிணற்றுமேடு' என்று ஒரு பத்திரிகை நடத்தினோம். அதில் இருந்த மூன்று பேரும் நன்றாகவே பிழைக்கிறோம். டயர்க் கடை, ஆயில் கடை என்று ஏறி இறங்கி விளம்பரம் வாங்கி வந்த நந்தகுமார் இன்று ஒரு கோழித்தீவனக் கம்பெனியில் விற்பனை மேலாளர். முடியாது என்று சொன்ன ஆளிடமே மறுநாளும் போய்ச் சிரித்துக்கொண்டு நிற்க அவன் அங்கேதான் பழகினான். வந்த கதைகளைத் திருப்பி அனுப்புகிற வேலை கோகிலவாணியுடையது. எழுதியவன் முகம் சுருங்காமல் 'உன் கதை வேண்டாம்' என்று சொல்லத் தெரிந்தவள். இப்போது எடப்பாடிப் பக்கம் ஒரு நூற்பாலையில் ஆள் எடுப்பதும் ஆளை நிறுத்துவதும் அவள் பொறுப்பு. அவள் நிறுத்திய ஆட்கள்கூடத் தீபாவளிக்கு வாழ்த்து அனுப்புகிறார்களாம். இது பெருமைப்பட வேண்டிய விஷயமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நான் பத்திரிகையின் ஆசிரியராக இருந்தேன். இப்போது திருச்செங்கோட்டில் ஒரு போர்வெல் கம்பெனியில் அலுவலக மேலாளர். எங்கள் ரிக் வண்டிகள் சத்தீஸ்கரிலும் ஒடிசாவிலும் நின்றுகொண்டிருக்கும். அவற்றுக்காக ஆர்.டி.ஓ.வுக்கும் இன்சூரன்ஸ்காரர்களுக்கும் இங்கிருந்து கடிதம் எழுதுவது என் வேலை. "சிவக்குமாரு எழுதுனா எதிராளி ரெண்டாவது பத்தியிலயே எறங்கி வந்துருவான்" என்று முதலாளி எல்லோரிடமும் சொல்வார். அது ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஆனாலும் சொல்லும்போது கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

இந்தக் கூட்டத்தில் சேராத நான்காவது ஆள் சௌந்திரம். பத்திரிகையில் ஒரு நாளும் வேலை பார்க்காதவள். ஆனால் பத்திரிகையால் அதிகம் பிழைத்தவள் அவள்தான் என்று நான் பல வருடம் பொருமிக்கொண்டிருந்தேன்.

அச்சகத்தில் பதினாறு பக்கத்தை ஒரு ஃபாரம் என்பார்கள். பதினாறு பதினாறாகத்தான் ஓட்ட முடியும். எங்களிடம் நாற்பத்தாறு பக்கத்துக்குச் சரக்கு இருந்தால் இரண்டு பக்கம் வெள்ளையாக நிற்கும். அச்சகத்துப் பொன்னன் போன் பண்ணுவார். "ரெண்டு பக்கம் காலியாக் கெடக்குதுங்க சாமி. என்னத்தயாச்சும் குடுங்க, மெசினு நிக்குது" என்பார். நான் அச்சகத்துக்கு ஓடிப்போய், அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு கவிதை எழுதிக் கொடுப்பேன். ஆனால் ஆசிரியர் குழுவில் இருப்பவர் ஓர் இதழில் ஒரு படைப்புக்கு மேல் போடக் கூடாது என்று நாங்களே விதி வைத்திருந்தோம். போதாததற்கு முதல்வர் வேறு, "ஏப்பா, ஒரு பொண்ணுகூட எழுத மாட்டேங்குதா?" என்று கேட்டுவிட்டார்.

இல்லாத பெயரைப் போட்டால் எந்தத் துறை, எந்த வருடம் என்று நோண்டுவார். ஆகவே இருக்கிற பெயராக வேண்டும். தமிழிலக்கியம் முதல் வருடத்தில் மோகனூரிலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். யாரிடமும் அதிகம் பேச மாட்டாள். பஸ் ஸ்டாண்டில் வைத்து நான்தான் போய்க் கேட்டேன்.

"உங்க பேருல ஒரு கவிதை போட்டுக்கலாங்களா? பேரு மட்டுந்தானுங்க."

மோகனூர் பஸ் கிளம்புகிறதா என்று பார்த்துக்கொண்டே, "பேருதானுங்ணா, போட்டுக்கங்க" என்றாள். ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

ஒன்றில் ஆரம்பித்தது, இரண்டு வருடத்தில் ஒன்பதாகிவிட்டது. தண்ணீர் இல்லாத கிணறு, சோறு வைத்துக் காத்திருக்கும் தாய், வளையல் உடைந்த கை என்று, பெண் பெயரில் வருகிறதே என்பதற்காக அத்தனையும் பெண்களின் துயரமாகவே எழுதித் தள்ளினேன். கல்லூரியில் நன்றாகப் பேசப்பட்டது. 'சௌந்திரத்துக்கு என்ன மனசு பாரு' என்று என்னிடமே வந்து சொன்னார்கள்.

அவள் பி.எட். முடித்துவிட்டு, மோகனூர்ப் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளி நேர்காணலுக்கு அந்த இதழ்களைக் கொண்டுபோயிருக்கிறாள். தாளாளர் வெங்கடாசலம் கவிதை என்றால் உருகுகிறவர். கிணற்றுக் கவிதையை அங்கேயே சத்தமாகப் படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தமிழ் ஆசிரியை வேலையைக் கொடுத்துவிட்டாராம். கோகிலவாணி சொன்னபோது சிரித்தேன். போகப் போகச் சிரிப்பு வரவில்லை. ஒரு முறை மோகனூர் போகும்போது பள்ளி வாசலில் பெரிய ஃபிளெக்ஸ் பார்த்தேன். 'கவிஞர் சௌந்திரம்' என்று போட்டு, அவள் படத்துக்குக் கீழே என் நான்கு வரிகள். வயிறு எரிந்தது. அதைப் பொறாமை என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்ல? என் பெயரைப் போட்டிருந்தால் அந்தப் படம் என்னுடையதாக இருந்திருக்கும் என்று வீட்டில் புலம்பினேன். "போயிக் கேளுங்க, பேனரக் கழட்டித் தருவாங்க. மொட்டமாடியில காயப்போடறதுக்கு ஆவும்" என்றாள் என் மனைவி தனப்பிரியா.

போன வருடம் மே மாதம் ஒரு காலையில் சௌந்திரம் என் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். வெளியே யார்டில் கம்ப்ரசரை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து கதவைச் சாத்திய பிறகுதான் அவள் பேசுவது கேட்டது.

"புஸ்தகம் ஒண்ணு வருதுங்ணா. சேலத்துல ஒரு பதிப்பகத்துல போடறாங்க. முப்பத்தெட்டுக் கவிதை, எல்லாம் நான் எழுதுனது" என்று ஒரு ஃபைலை மேஜைமேல் வைத்தாள்.

பதிப்பகத்துக்காரர் பழைய ஒன்பதையும் முதலில் போடலாம் என்றிருக்கிறார். அவை தன்னுடையவை அல்ல என்று இவள் சொல்லியிருக்கிறாள். நாளைக்கு வம்பு எதுவும் வரக் கூடாது, எழுதியவரிடம் ஒரு கடிதம் வாங்கி வாருங்கள் என்று அவர் சொல்லிவிட்டார்.

"ரெண்டு காப்பி வேணுங்ணா. ஒண்ணு அவங்களுக்கு. ஒண்ணு எங்க தாளாளருக்கு."

"தாளாளருக்கு எதுக்குங்க?"

"ஜூன்ல புதுசா ஹெட்மிஸ்டரஸ் போடறாங்க. எம் பேரச் சொல்லியிருக்காரு. புஸ்தகம் வந்தா, அந்த ஒம்பதும் எங்கேன்னுதான் மொதல்ல கேப்பாரு. அவரு கேட்டு நாஞ் சொல்றதுக்கு, பதவியில உக்கார்றதுக்கு முன்னாடியே சொல்லிப்போடறதுதானுங்களே செரி?"

எனக்கு ஒரு பெருந்தன்மை வந்துவிட்டது. நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். "அதெல்லாம் எதுக்குங்க சௌந்திரம்? அந்தக் கவிதையெல்லாம் உங்களுதாவே இருந்துட்டுப் போகட்டும். புஸ்தகத்துலயும் போட்டுக்கங்க. நான் என்ன கேக்கவா போறேன்?" என்றேன். தானம் கொடுக்கிறவனின் குரல் அதில் இருந்தது எனக்கே கேட்டது.

"வேண்டாங்ணா" என்றாள். கொஞ்சம் தயங்கினாள். "அது நல்லால்லீங்க."

சாய்ந்திருந்தவன் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. பன்னண்டு வருசமா ஆண்டு விழாவுல அதப் படிச்சிட்டு இருக்கறேன். ஒம்பதாவது படிக்கற புள்ள ஒருத்தி வந்து, 'தண்ணியில்லாத கெணத்துல எதுக்கு டீச்சர் கவுறு உடறாங்க? எட்டிப் பாத்தாத் தெரியாதா?'ன்னு கேட்டா. எனக்குப் பதில் தெரியலீங்க. அன்னிக்கு ஊட்டுக்குப் போயித்தான் நானா ஒண்ணு எழுதிப் பாத்தேன்."

சிரித்து வைத்தேன். உள்ளே கொதித்தது. கடைவீதியில் நிற்க வைத்துச் சட்டையைக் கழற்றியது போல இருந்தது. சரி, இவள் என்ன கிழித்திருக்கிறாள் பார்ப்போம் என்று சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு ஃபைலைத் திறந்தேன்.

முதல் கவிதையில், மழையில் நனைந்து வந்த பிள்ளைகளின் புத்தகங்கள் வகுப்பு ஃபேனுக்குக் கீழே காய்கின்றன. காற்றில் பக்கங்கள் தானாகப் புரண்டு, இன்னும் நடத்தாத பாடங்களுக்குப் போகின்றன. அவ்வளவுதான் கவிதை. இன்னொன்றில் ஒரு டீச்சர் பரீட்சை அறையில் மூன்று மணி நேரம் எல்லோரையும் பார்க்கிறாள், அவளை ஒருவரும் பார்ப்பதில்லை. பேனா கையிலேயே இருந்தது. யாரும் அழவில்லை, யாரும் எதையும் உடைக்கவில்லை. எனக்கு எழுத வராதது இதுதான் என்று ஆறேழு பக்கத்திலேயே தெரிந்துவிட்டது.

ஒரே ஒரு கவிதையில் கடைசி இரண்டு வரிகள் இடித்தன. மேலே காட்டியதையே கீழே விளக்கிக்கொண்டிருந்தன. "இது வேண்டாங்க" என்று தொட்டுக் காட்டினேன். அவள் ஃபைலைத் தன் பக்கம் திருப்பிப் படித்தாள். பேனாவை வாங்கி அவளே அடித்தாள். "இத யாருமே சொல்லலீங்ணா" என்று முகமெல்லாம் சிரித்தாள். அந்த ஐந்து நிமிடம் நான் சந்தோஷமாக இருந்தேன். எத்தனையோ வருடமாக அப்படி இருந்ததில்லை.

பிறகு கடிதத்தைக் கம்ப்யூட்டரில் அடித்தேன். கம்பெனி லெட்டர்பேடு வேண்டாம் என்று பிரிண்டரில் வெள்ளைத் தாளை வைத்தேன். 'கிணற்றுமேடு இதழில் சௌந்திரம் என்ற பெயரில் வெளியான ஒன்பது கவிதைகளும் நான் எழுதியவை. அவற்றில் அவருக்கு எந்தப் பங்கும் இல்லை. அவருடைய பிற கவிதைகளில் எனக்கு எந்த உரிமையும் இல்லை. யாருடைய வற்புறுத்தலும் இன்றி இதை எழுதித் தருகிறேன்.' இரண்டு பிரதியிலும் கீழே கையெழுத்து, தேதி. அவள் இரண்டு தடவை படித்தாள். என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். "ரொம்ப நன்றிங்ணா" என்று மடித்து ஃபைலுக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

ஜூன் மாதம் அந்தப் பள்ளிக்கு வேறு ஒருவர் தலைமை ஆசிரியை ஆனார். அவளுக்கு ஐந்து வருடம் பின்னால் சேர்ந்த கணக்கு டீச்சர். கோகிலவாணிதான் சொன்னாள். வருத்தமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் இப்படி ஆகும் என்று அவளுக்கே தெரிந்திருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டேன். நவம்பரில் புத்தகம் வந்தது. எனக்கு ஒரு பிரதி அனுப்பியிருந்தாள். அந்த இரண்டு வரிகள் இல்லை. கவிதை நன்றாக நின்றது.

பொங்கல் கழிந்த வாரம் தாளாளர் வெங்கடாசலம் எனக்கே போன் செய்தார்.

"கவிஞர் சிவக்குமாருங்களா?"

அந்த ஒரு சொல்லுக்கு உடம்பு சிலிர்த்தது. மறைப்பதில் அர்த்தமில்லை.

"ஆண்டு விழாவுக்கு நீங்கதானுங்க சிறப்பு விருந்தினரு. மாட்டேன்னு சொல்லப்படாது. அந்தக் கெணத்துக் கவிதைய உங்க வாயால கேக்கோணும். இத்தன வருசம் வேற ஒருத்தரு வாயால கேட்டுட்டு இருந்திருக்கறோம் பாருங்க."

"சௌந்திரம் டீச்சர் எப்பிடி இருக்காங்க?" என்று கேட்டேன்.

"இருக்குதுங்க. உங்க எழுத்தத் திருடி வெச்சுக்கிட்டு, பன்னண்டு வருசம் எங்கள ஏமாத்திருச்சு. கடைசியிலயாச்சும் ஒத்துக்கிச்சேன்னு வேலையில உட்டு வெச்சிருக்கறோம்."

"திருடலீங்க" என்றேன். "நானாத்தான் போயி அவங்க பேரக் கேட்டேன். பஸ் ஸ்டாண்டுல வெச்சு."



"அந்தப் பொண்ணும் இதேதானுங்க சொல்லுச்சு" என்றார் வெங்கடாசலம். "அப்பிடின்னா கடுதாசியில இருக்குமேன்னு எடுத்துப் பாத்தேன். இல்லீங்க. அதனால நம்பலீங்க."

பெயரைக் கேட்டது நான்தான் என்கிற அந்த வரி எனக்குத் தெரியாமல் விட்டுப்போனதல்ல. அடிக்கும்போதே மனதில் வந்தது. நல்லால்லீங்க என்று சொன்னாயல்லவா, போ, என்று விட்டேன். கடிதம் என்றால் சுருக்கமாக இருக்க வேண்டும் என்று அப்போது எனக்கு நானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டேன்.

விழாவுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். இப்போதாவது ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டதற்கு, "ஆளப் போட்டாச்சுங்களே" என்றார். அது நியாயம்தான்.

மதியம் சௌந்திரத்தைக் கூப்பிட்டேன். தாளாளர் பேசியதைச் சொன்னேன். இன்றைக்கே வேறு கடிதம் எழுதி அனுப்புகிறேன், எல்லாவற்றையும் எழுதுகிறேன் என்றேன். "எழுதுங்ணா" என்றாள்.

"அன்னிக்குப் படிச்சப்பவே இது இல்லையேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, சௌந்திரம்? அங்கேயே சேத்துக் குடுத்திருப்பேனே."

"நீங்க ஆசிரியருங்ணா" என்றாள். "நீங்க ஒரு வரிய உட்டா, தெரியாமயா உட்டிருப்பீங்க?"

குரலில் கோபம் எதுவும் இல்லை. அந்தப் பக்கம் மணி அடித்தது. அடுத்த வகுப்பு இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டாள்.