இடப்பக்கத்துப் பெட்டி

ஆறுதல்புரம் கிறிஸ்தவக் கோயில் வாசலில் தகரப் பெட்டி ஒன்றாக இருந்தவரையில் சுகிர்தத்துக்கு எவர்மீதும் ஐயம் எழுந்ததில்லை. பெட்டி இரண்டாயிற்று, அன்று முதல் அவள் மனம் ஒரு நிலையில் நிற்கவில்லை.

அவை அரிசிப் பெட்டிகள். அச்சபையைச் சேர்ந்த பெண்கள், உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் எடுத்துவைத்து, ஞாயிறுதோறும் கொண்டுவந்து பெட்டியில் கொட்டுவார்கள். குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும், கடைசி இரண்டு மாதம் சேர்ந்த அரிசியைப் பொங்கிச் சபையார் யாவரும் கூடி உண்பார்கள். அதற்கு அசனம் என்று பெயர்.

யாவரும் கூடி என்பது பேச்சளவில்தான். மேலத்தெருவார் பந்தலில் முதலில் உண்பார்கள். கீழத்தெருவார், அவர்கள் கைகழுவிய பிறகு, கோயிலுக்குப் பின்புறம் இலை போட்டுக்கொள்வார்கள். கூலிவேலை செய்யும் கீழத்தெருவில் பிறந்தவள் சுகிர்தம். பதினோராண்டுகளாக ஒவ்வொரு கைப்பிடியை எடுக்கும்போதும், "ஆண்டவரே, ஒரே பந்தி" என்று முணுமுணுப்பாள். வேறு ஜெபம் அவளுக்கு நீளமாக வராது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் ஆண்டு தென்காசிக்குப் புதிதாக வந்து இச்சபையையும் கவனித்த இளவயதுக் குருவானவர், சபையார் வாயில் ஐயர், ஆராதனை முடிவில் எழுந்து, "இவ்வருடம் அசனம் ஒரே பந்தலில், ஒரே பந்தியில்" என்று அறிவித்தார். கூச்சல் எழும் என்று சுகிர்தம் காத்திருந்தாள். எழவில்லை. அசனத்தை ஆண்டுதோறும் முன்னின்று நடத்தும் மேலத்தெரு ஞானாபரணம் அம்மாள், "ஐயர் சொன்னா சரிதான்" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு நடந்தாள். சண்டையின்றிக் கிடைத்த அந்தச் சம்மதந்தான் சுகிர்தத்தை அச்சுறுத்திற்று.

மறு ஞாயிறு, பழைய பெட்டிக்கு இடப்பக்கம் பச்சை வண்ணம் பூசிய புதுப்பெட்டி ஒன்று நின்றது. அருகில் மணியடித்துக் கோயில் வேலை பார்க்கும் கோயில்குட்டியான பிச்சைமணி நின்றான்.

"இதென்ன அண்ணாச்சி, புதுசா?"

"ஒரு பெட்டி நெறஞ்சு வழியுதுல்லா, அதான்."

"வழிஞ்சத நான் பாக்கலியே."

"நீ என்னத்தத்தான் பாத்தே? இடப்பக்கம் போடு. வாசல மறிக்காத, பின்னால ஆளு நிக்கி."

சுகிர்தம் திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஒருவரும் இல்லை.

அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்வதுபோல் தூணருகே ஒதுங்கி நின்றாள். மேலத்தெருப் பெண்கள் எவரும் சொல்லாமலே வலப்பக்கத்தில் கொட்டினார்கள். கீழத்தெருப் பெண்களை மட்டும் பிச்சைமணியின் கை இடப்பக்கம் திருப்பிவிட்டது.

வீட்டில் இதைச் சொன்னபோது அவள் கணவன் நல்லதம்பி சிரித்தான். "ஏட்டி, கிணத்துல தண்ணி ஊறுனாலும் எவன் ஊத்துனான்னு எட்டிப் பாக்கவ நீ." சிரிப்பு அடங்கியதும் அவன் குரல் மாறிற்று. "தெருவுல பேசியாச்சு. இந்த வருசமும் நம்மள ஏமாத்துனாவன்னா, இருபது வீட்டுக்காரனும் கோயில் படி மிதிக்க மாட்டோம். நீயே பாத்துச் சொல்லு. உன் கண்ணுக்குத் தப்பி ஒண்ணும் போகாதுன்னு ஊருக்கே தெரியும்."

இருபது வீட்டார் கோயிலில் இருப்பதும் விலகுவதும் அவள் ஒருத்தியின் சொல்லில் வந்து நின்றது.

அந்நாளில் அவள் கேரள எல்லையோரத்துப் புளியறைக்கு நடவுக்குப் போய்வந்தாள். அங்கே கூலியாகச் சிவந்த பருத்த அரிசி அளந்தார்கள். ஆறுதல்புரத்தில் வேறு எவர் வீட்டுப் பானையிலும் அவ்வரிசி இல்லை. தொடர்ந்து நான்கு ஞாயிறுகள் அதையே அள்ளி இடப்பக்கத்துப் பெட்டியில் கொட்டினாள். ஒரே பானையாயின் ஒவ்வோர் இலையிலும் நாலு சிவப்புப் பருக்கையாவது விழத்தானே வேண்டும்?

அசனத்தன்று காலை, காய் நறுக்கலாமென்று சமையற்கொட்டகைக்குள் போனவளை ஞானாபரணம் அம்மாள் வாசலிலேயே நிறுத்தினாள். "உனக்கு இங்கன என்ன சோலி? வெருந்தாளி மாதிரி போயி உக்காரு."

பதினோராண்டுகளில் அவள் வாயிலிருந்து இத்தகைய இனிய சொல் வந்ததில்லை. சுகிர்தம் இரண்டுமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டே பந்தலுக்குப் போனாள்.

பந்தலில் எதிரெதிராக இரண்டு வரிசையாய் இலை போட்டிருந்தார்கள். இரு தெருவாரும் கலந்தே உட்கார்ந்தனர். தூறல் ஓலையில் விழுந்துகொண்டிருந்தது. சுகிர்தத்துக்கு நேர் எதிரே ஞானாபரணம் அம்மாள். சோறு வந்தது. சுகிர்தம் அதைக் கிளறிப் பார்த்தாள். வெண்மையான, மெல்லிய, ஒரே வகை அரிசி. பக்கத்து இலையை எட்டிப் பார்த்தாள், அதிலும் அதுவே. இரு தெருக் கைப்பிடி அரிசியும் கலந்திருந்தால் இப்படி ஒரு நிறமாய், ஒரு பருமனாய் இராது. இது மேலத்தெருக் குதிர்களிலிருந்து மட்டும் வந்தது.

ஐயர் ஜெபிக்க எழுந்தார். சுகிர்தமும் எழுந்தாள்.

"ஐயரே, ஜெபத்தக் கொஞ்சம் நிறுத்துங்க."

அவள் விறுவிறுவென்று கொட்டகைக்கு நடந்தாள். அதை ஒட்டிய பண்டகசாலைக் கதவின் குறுக்கே பிச்சைமணி கைகளை விரித்து நின்றான்.

"உள்ள ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாத அறைக்கு என்னத்துக்கு அண்ணாச்சி காவல்?"

அவனை விலக்கிக் கதவைத் தள்ளினாள். மூலையில் இரண்டு சாக்கு. ஒன்றன் வாயை அவிழ்த்தாள். வெள்ளை அரிசிக்கு நடுவே அவளுடைய சிவப்பரிசி கண் விழித்துப் பார்த்தது.

"செவப்பரிசி வேக நேரம் ஆகும்னு எடுத்து வச்சோம்" என்றான் பிச்சைமணி.

"சரி, எங்க தெரு உலகம்மை போட்டது வெள்ளைதான? அது என்னத்துக்கு இங்கன கெடக்கு?"

பின்னாலேயே வந்துவிட்ட ஞானாபரணம் அம்மாள் குறுக்கிட்டாள். "ஒரே பந்தின்னுதான ஐயர் சொன்னாவ? ஒரே அரிசின்னு சொல்லலியே. சோறு பூரா எங்க தெரு அரிசி. உக்காந்து திங்கதுக்கு உனக்கு என்னட்டி வலிக்கி?"

"எங்க அரிசிய என்ன செய்யப் போறீங்க?"

"குத்தாலத்துல பரதேசிக்குக் குடுப்போம். அதுவும் புண்ணியந்தான?"

ஐயர் வாசலில் நின்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது. ஆயினும் அந்த முகத்தையும் சுகிர்தம் ஒருமுறை உற்றுப் பார்த்துக்கொண்டாள்.

"இப்ப என்ன செய்யணும்மா?" என்று அவர் கேட்டார்.

"இத வடிக்கணும் ஐயரே. எல்லார் இலையிலயும் விழணும்."

"எவ்வளவு நேரம் பிடிக்கும்?"

"செவப்பரிசில்லா, ஒன்றரை மணி நேரம்."

ஐயர் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். "அப்படின்னா ஒன்றரை மணி கழிச்சு ஜெபிப்போம்" என்று பந்தலுக்குத் திரும்பிப் பாயில் உட்கார்ந்தார்.

சுகிர்தம் அரிசி களைந்து உலையில் இட்டாள். சாரலில் விறகு நனைந்திருந்தது. நல்லதம்பி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"அதான் கண்டுபிடிச்சிட்டியே. வா, போவோம். தெருவே கெளம்பி நிக்கி."

"அடுப்ப ஊதுங்க."

"ஏட்டி, நான் என்ன சொல்லுதேன், நீ என்ன சொல்லுதே?"

"புகை கண்ணக் கரிக்கி. ஊதிக்கிட்டே பேசுங்க."

அவன் குந்தி உட்கார்ந்து ஊதினான். ஊதுகிறவனால் பேச முடியவில்லை. அவள் பேசினாள். "இவுங்க ஏமாத்துனாவன்னு நான் எந்திச்சுப் போனா, பதினோரு வருசமா நான் போட்ட அரிசி இவுங்களுக்குப் போட்டதா ஆயிரும். நான் இவுங்களுக்கா போட்டேன்?"

அவன் இன்னுமொரு முறை ஊதினான். தீப் பற்றிக்கொண்டது.

சோறு வேகுமுன் மேலத்தெருவில் பாதிப்பேர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்கள். கிளம்பி நின்ற கீழத்தெருவார், நல்லதம்பி அடுப்பூதுவதைக் கண்டு மறுபடி ஆறிய சோற்றின் முன்னால் உட்கார்ந்தனர். ஞானாபரணம் அம்மாள் போகவில்லை. அது மனமாற்றமா, வீம்பா, அன்றி வேறு ஏதேனும் திட்டமா? கஞ்சியை வடிக்கும்போதும் சுகிர்தத்தின் ஒரு கண் பந்தலிலேயே இருந்தது.

வெள்ளைச் சோற்றின் பக்கத்தில் ஒவ்வோர் இலையிலும் அவள் கையாலேயே ஓர் அகப்பை சோறு வைத்தாள். ஐயர் ஜெபித்தார். எல்லாரும் கண்களை மூடினார்கள். சுகிர்தம் மூடவில்லை, யாரேனும் அந்தச் சோற்றை இலைக்கு அடியில் தள்ளிவிடக்கூடும். அவ்வாறு ஒவ்வொரு முகமாய்ப் பார்த்துவந்தபோது, பந்தலில் திறந்திருந்த கண்கள் இன்னும் இரண்டு இருக்கக் கண்டாள். ஞானாபரணம் அம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆமென் என்றதும் முதலில் அள்ளி விழுங்கினவன் பிச்சைமணிதான். "கொஞ்சம் பெருவெட்டு. ஆனா ருசி இருக்கு" என்றான் வாய் நிறைய. ஞானாபரணம் அம்மாள் அவனை முறைத்தாள். பிறகு ஒரு சிவப்புப் பருக்கையைக் கல் பொறுக்குவதுபோல் எடுத்து இலையோரம் வைத்தாள். இன்னொன்றையும் வைத்தாள். மூன்றாவதை எடுத்த விரல் நின்றது. ஐயரைப் பார்த்தாள், சுகிர்தத்தைப் பார்த்தாள், சட்டென்று ஒரு சிறு கவளத்தை வாயிலிட்டு உடனே தண்ணீர் குடித்தாள்.

கை கழுவுமிடத்தில் நல்லதம்பி கேட்டான்: "தின்னாளா?"

"தின்ன மாதிரிதான் இருந்தது. முழுங்குனாளான்னு தெரியல."

"அப்ப தெருவுக்கு என்ன சொல்ல? இருக்கவா, போகவா?"

"இருக்கச் சொல்லுங்க. நாந்தான் பாத்துக்கிட்டே இருக்கேன்லா."

மறு ஞாயிறு, மணியடிக்கும் முன்பே அவள் கோயிலுக்குப் போனாள். வாசலில் பழைய பெட்டி ஒன்றே இருந்தது. கொண்டுவந்த அரிசியை அதில் கொட்டினாள். கொட்டிவிட்டும் நம்பிக்கை வராமல் பின்புறம் சுற்றிவந்தாள். பிச்சைமணியின் குடிசையோரத்தில் பச்சைப் பெட்டி கவிழ்ந்து கிடந்தது. உள்ளே ஏதோ மறைத்திருக்கிறார்கள் என்று மெல்லத் தூக்கிப் பார்த்தாள். அடைபட்டிருந்த கோழியொன்று படபடவென்று அவள் முகத்தில் இறக்கையை அடித்துக்கொண்டு வெளியே பாய்ந்தது.

"ஏ சுகிர்தம், கோழியப் பிடி! இன்னும் உனக்கு என்னதான் சந்தேகம்?" என்று கத்தினான் பிச்சைமணி.

கோழியைப் பிடித்து உள்ளே விட்டுப் பெட்டியைக் கவிழ்க்குமுன், அதன் அடிப்பக்கத்தையும் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, அவள் ஆராதனைக்குப் போனாள். கீழத்தெருவாருக்கு வழக்கமான கடைசிப் பாயில் அவள் அன்று உட்காரவில்லை. நடுவில், ஞானாபரணம் அம்மாளின் கைகள் நன்றாகத் தெரியும் இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள்.